மந்தமான சந்தையில் வீடு விற்பதும் வாங்குவதும்: தமிழ்நாட்டு ரீசேல் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் வீட்டுச் சந்தை மந்தமானால் விலை அவ்வளவாக இறங்காது. விற்பனைதான் நின்றுபோகும். விற்பவர் நேற்றைய விலையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், வாங்குபவர் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பார். நடுவில் பேசி முடித்த வியாபாரங்களும் பாதியில் நின்றுவிடும். அவை பெரும்பாலும் உடைவது பேரத்தில் இல்லை. விலை பேசிக் கை குலுக்கி அட்வான்ஸும் கொடுத்த பிறகு, வங்கியின் வக்கீலிடமோ, சொத்துக்கு மதிப்புப் போடும் வேல்யூவரிடமோ போகும்போதுதான் உடைகின்றன. ஆகவே விலையைப் பேசுவதற்கு முன்பே அந்த இரண்டு மேசைகளையும் கடந்துவிட வேண்டும். விற்பவருக்கும் இதே வேலை, வாங்குபவருக்கும் இதே வேலை.

கீழே சொல்லியிருப்பது ரீசேல், அதாவது ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கும் வீடு, பிளாட் (அடுக்குமாடி வீடு) பற்றியது. பில்டரிடம் புதிதாக வாங்குவதற்குச் சில விதிகள் வேறு. அவற்றையும் இடையில் தொட்டிருக்கிறோம்.

முதலில் கணக்கு: வாங்குபவர் கையில் எவ்வளவு வேண்டும்

ஒரு பிளாட்டை 70 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் கடன் கிடைக்கும், ஆகவே 14 லட்சம் போட்டால் போதும் என்று நினைத்தால் அங்கேயே சறுக்கல்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. இந்தச் 'சொத்து மதிப்பு' நீங்கள் பேசிய விலை ஆகாது. வங்கி அனுப்பும் வேல்யூவர் போடும் தொகை, பேசிய விலை இரண்டில் எது குறைவோ அதையே வங்கி எடுத்துக்கொள்ளும். மந்தமான நேரத்தில் வேல்யூவர் கையை இறுக்கியே எழுதுவார். அவர் 64 லட்சம் என்று எழுதினால் கடன் 51.2 லட்சம். மீதி 18.8 லட்சம் உங்கள் கைப்பணம்.

அடுத்து பதிவுச் செலவு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம் (இதில் உள்ளாட்சிக்குப் போகும் 2 சதவீதமும் அடக்கம்), பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில்தான் 4 சதவீதத்திலிருந்து 2 ஆக இறங்கியது. அதே நாளில் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு தெருவாரியாக வைக்கும் நில மதிப்பு) 2017 ஜூனுக்கு முந்தைய நிலைக்கு ஏறிவிட்டதால் மொத்தச் செலவு பலருக்குக் குறையவே இல்லை. 70 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 6.3 லட்சம். இந்தத் தொகையை வங்கி சொத்து மதிப்பில் சேர்க்காது. புரோக்கருக்கு 1 சதவீதம், வக்கீல், பத்திர எழுத்து, வங்கியின் கட்டணங்கள் என்று இன்னொரு லட்சம் போகும். ஆக, 14 லட்சம் என்று நினைத்தவருக்கு உண்மையில் சுமார் 26 லட்சம் வேண்டும். இந்த 12 லட்சம் இடைவெளிதான் பாதி வியாபாரங்களைக் கவிழ்க்கிறது.

மாதத் தவணையையும் ஒருமுறை நெருக்கிப் பாருங்கள். 20 வருடத்துக்கு 8.5 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய், 9.5 சதவீதத்தில் 932. 51 லட்சத்துக்கு வித்தியாசம் மாதம் 3,270 ரூபாய்க்குப் பக்கம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலுடன் கட்டப்பட்டவை, அது ஏறினால் மூன்று மாதத்துக்குள் உங்களிடமும் ஏறும். இன்றைய வட்டிக்கு மேல் 1 சதவீதம் கூடினாலும் தவணை கையில் வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வீடு உங்களுக்கு இன்னும் பெரியது.

விற்பவர்: போர்டு மாட்டுவதற்கு முன் தாள்கள்

வாங்க வந்தவர் 'லீகல் பார்க்க ஜெராக்ஸ் கொடுங்க' என்று கேட்ட அன்றே ஒரு முழு ஃபைலைக் கொடுப்பவரின் வீடு முதலில் போகும். மூன்று வாரம் தேடிக்கொண்டிருந்தால் அவர் அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்துவிடுவார். ஃபைலில் இருக்க வேண்டியவை:

- உங்கள் கிரயப் பத்திரமும், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும். குறைந்தது 30 வருடச் சங்கிலி. நடுவில் ஒன்று இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்து வையுங்கள்.
- 30 வருட வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் சான்று. பதிவுத்துறைத் தளத்தில் கணினிமயமான ஆண்டுகளுக்கு இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு மனு போட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.
- பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்). நகரமானால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்.
- அனுமதி பெற்ற கட்டட வரைபடம், அனுமதி ஆணை, கிடைத்திருந்தால் கட்டட நிறைவுச் சான்று.
- நடப்பு ஆண்டு வரை கட்டிய சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள். பிளாட் என்றால் சங்கத்தின் பாக்கியில்லாச் சான்று.
- சொத்து வாரிசு வழியில் வந்தது என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.

இவற்றில் சிக்கல் தரும் இடங்கள் மூன்று. முதலாவது பெயர். பத்திரத்தில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறு, ஆதாரில் வேறு. சின்ன விஷயம்தான், ஆனால் வங்கி வக்கீல் அதற்கே ஒரு மாதம் நிறுத்திவைப்பார். இரண்டாவது பட்டா. இன்னும் தாத்தா பெயரிலோ பழைய உரிமையாளர் பெயரிலோ இருக்கும். உட்பிரிவு தேவைப்படும் பட்டா மாறுதலுக்கு நில அளவையர் வந்து அளக்க வேண்டும். அதை விற்கும் எண்ணம் வந்த அன்றே தொடங்குங்கள். மூன்றாவது வாரிசுகள். அப்பா பெயரில் இருந்த வீட்டை அண்ணன்தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்க முடியாது. கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகளின் கையெழுத்தும் வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் தந்த விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். வக்கீலைக் கேட்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

வீட்டின் மேல் கடன் இருந்தால் மறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் வங்கியில் பத்திரம் அடமானம் வைத்ததும் பதிவாகிவிடுவதால் வில்லங்கத்தில் எப்படியும் தெரியும். உங்கள் வங்கியிடம் இரண்டு கடிதங்கள் வாங்குங்கள்: பாக்கித் தொகை எவ்வளவு என்பதற்கு ஒன்று, தன்னிடம் இருக்கும் அசல் பத்திரங்களின் பட்டியல் ஒன்று. வாங்குபவரின் வங்கி இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, உங்கள் பாக்கியை நேராக உங்கள் வங்கிக்கே கட்டிவிட்டு மீதியை உங்களுக்குத் தரும். கடன் முழுதும் அடைந்ததும் 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், தன்னால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. ஆனாலும் அந்த 30 நாளையும் சேர்த்துத்தான் கிரயத் தேதியை வையுங்கள். அடமானத்தை நீக்கும் ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். அது பதிவாகாவிட்டால் கடன் அடைந்திருந்தாலும் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்கும்.

விலை வைப்பது

இணையதளங்களில் போட்டிருப்பது கேட்கும் விலை. அந்த விலைக்கு யாரும் வாங்கியதாகப் பொருளில்லை. உண்மையான விலைக்கு நெருக்கமாகப் போக ஒரு வழி இருக்கிறது. உங்கள் தெருவில், அதே குடியிருப்பில் கடந்த ஒரு வருடத்தில் விற்ற வீடுகளின் வில்லங்கத்தைப் போட்டுப் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் எழுதிய தொகை அதில் வரும். சிலர் குறைத்து எழுதியிருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் வங்கிக் கடனில் வாங்கியவர்கள் அதிகம் குறைக்க முடியாது. வில்லங்கத்தில் கிரயத்தை அடுத்து அடமானமும் பதிவாகியிருந்தால் அந்தத் தொகையை ஓரளவு நம்பலாம்.

பிளாட்டுக்கு இன்னொரு கணக்கு: பிரிபடாத நிலப் பங்கு, எல்லோரும் சொல்லும் யு.டி.எஸ். ஆயிரம் சதுரடி பிளாட், யு.டி.எஸ். 450 சதுரடி, அந்தத் தெருவில் நிலம் சதுரடி 10,000 என்றால் நிலம் 45 லட்சம். கட்டடம் இன்று கட்டச் சதுரடிக்கு 2,400 என்று வைத்தால் 24 லட்சம்; கட்டி 20 வருடமாகி, 60 வருட ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதால் 16 லட்சம். மொத்தம் 61. வேல்யூவர் ஏறக்குறைய இப்படித்தான் போடுவார். நீங்கள் 75 கேட்டால், வருபவர் கைப்பணத்தில் அந்த வித்தியாசம் முழுவதையும் போட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மந்தச் சந்தையில் மிகக் குறைவு. உள்ளே ஐந்து லட்சத்துக்கு மாடுலர் கிச்சன் போட்டிருக்கிறேன் என்று அதை விலையில் ஏற்றுவது வீண். வேல்யூவர் அதற்குத் தனியாக அதிகம் போடமாட்டார்.

பேரத்துக்கு இடம் விட்டு 3 முதல் 5 சதவீதம் கூட்டிச் சொல்லலாம். 15 சதவீதம் கூட்டினால் போனே வராது. போன் வருவதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம்:

நான்கு வாரத்தில் யாரும் பார்க்க வரவில்லை என்றால் விலைதான் காரணம். நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டு யாரும் விலை கேட்கவில்லை என்றால் வீட்டில் ஏதோ கண்ணை உறுத்துகிறது. பெரும்பாலும் சுவரில் ஈரம், கழிப்பறை, அல்லது தண்ணீர். விலை பேசியபின் 'வக்கீல் வேண்டாம்னுட்டார்' என்று இரண்டு பார்ட்டிகள் போய்விட்டால் தாளில் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் மூன்றாவது பார்ட்டியைத் தேடுவது நேர விரயம். விலையைக் குறைப்பதானால் ஒரே முறை 5, 6 சதவீதம் குறையுங்கள். மாதா மாதம் ஐம்பதாயிரம் குறைத்தால், இன்னும் இறங்கும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள்.

ஒரே வீட்டைப் பத்துப் புரோக்கரிடம் கொடுத்தால் அதே வீடு பத்து விலையில் சுற்றும். இரண்டு பேர் போதும். கமிஷனை முதலிலேயே எழுத்தில் பேசிவிடுங்கள்.

செலவு செய்ய வேண்டிய இடங்கள்: மொட்டை மாடி நீர்க்கசிவு, கழிப்பறைக் குழாய் ஒழுக்கு, சம்ப்பும் மோட்டாரும், அதன்பின் வெள்ளையடிப்பு. வரிசை முக்கியம். ஈரத்தை நிறுத்தாமல் பெயின்ட் அடித்தால் இரண்டே மாதத்தில் உப்புப் பூத்து, மறைத்தது போலத் தெரியும். வாடகைக்கு ஆள் இருந்தால் எப்போது காலி செய்வார் என்பதை எழுதி வாங்குங்கள். தெற்கு வாசல், ஈசானியத்தில் சம்ப் இல்லை என்று வாஸ்து சொல்லி மறுப்பவரிடம் வாதாட வேண்டாம், அடுத்தவருக்குக் காட்டுங்கள்.

விற்பவரின் வரி: இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள்

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் இதற்கு 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள், சரிக்கட்டலோடு கூடிய பழைய 20 சதவீதக் கணக்கில் வரி குறைந்தால் அந்த அளவோடு நிற்கலாம்.

2008-09இல் 20 லட்சத்துக்கு வாங்கி, 2025-26இல் 70 லட்சத்துக்கு விற்றதாக வைப்போம். புதிய வழியில் ஆதாயம் 50 லட்சம், வரி 6.25 லட்சம். பழைய வழியில் பணவீக்கக் குறியீடு 137லிருந்து 376 ஆகியிருப்பதால் வாங்கிய விலை சுமார் 54.9 லட்சமாகக் கணக்காகும், ஆதாயம் 15.1 லட்சம், வரி 3 லட்சத்துக்குச் சற்று மேல். பாதிதான். விலை மெதுவாக ஏறிய பகுதிகளில் பழைய வழி லாபம். சில வருடங்களில் பலமடங்கு ஏறிய இடங்களில் புதிய வழி.

ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்கு உண்டு: விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று வருடத்துக்குள். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணம் செலவாகாவிட்டால் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு தொடங்கி அதில் போட்டுவைக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் இருந்தால் விலக்கு போய்விடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விற்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மந்தச் சந்தையில் முதலில் விற்றுவிட்டு, 11 மாத வாடகையில் இருந்துகொண்டு தேடுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பழையதை விற்கக் கிளம்பினால் இரண்டு தவணை கட்டும் நெருக்கடியில் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டிவரும்.

வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைத் தாண்டிய தெருக்கள்

விலை விழுந்த இடங்களில் இது ஒரு தனித் தொல்லை. நீங்கள் 70 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள், அரசின் வழிகாட்டி மதிப்புப்படி 80 லட்சம் வருகிறது. முத்திரைத் தீர்வை 80க்குத்தான். அதோடு நிற்காது. வழிகாட்டி மதிப்பு பேசிய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் (இங்கே 77 லட்சத்தைத் தாண்டினால்), விற்பவருக்கு 80 லட்சத்துக்கு விற்றதாகவே ஆதாயம் கணக்காகும். வாங்குபவருக்கு அந்த 10 லட்சம் வருமானமாகச் சேர்ந்து வரி விழும். பேசும்போதே இந்த மூன்று செலவையும் கணக்கில் எடுத்து விலையைச் சரிசெய்யுங்கள். உண்மை விலையிலேயே பதியக் கேட்டால் சார்பதிவாளர் ஆவணத்தை 47-ஏ பிரிவில் முத்திரைத்தாள் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். குறைய வாய்ப்புண்டு, ஆனால் பத்திரம் நிலுவையில் கிடக்கும். வங்கிக் கடன் இருந்தால் இந்த வழி சரிப்படாது.

எதிர்ப்பக்கம்: விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கேட்பது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலையும் குறைவாக நிற்கும்.

வாங்குபவர்: எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் வங்கியிடம் போய், உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முன்அனுமதிக் கடிதம் வாங்குங்கள். வாங்க வந்த இரண்டு பேரில் விற்பவர் யாருக்குக் கொடுப்பார் என்றால், கடன் உறுதியானவருக்குத்தான்; ஒரு லட்சம் குறைத்துக்கூடக் கொடுப்பார்.

பிறகு வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அது முடியாவிட்டால் பக்கத்துக் கடைக்காரரிடமும் காவலாளியிடமும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் இந்தக் கேள்விக்கான பதில்தான் விலையே. கோடையில் எத்தனை லாரித் தண்ணீர், போர் எத்தனை அடி, லிஃப்ட் போட்டு எத்தனை வருடம், சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதே பேச்சில் கேட்டுவிடலாம். தூண், பீம் ஓரங்களில் சிமென்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் முன்னேறாதீர்கள்.

மூன்றாவதாகத் தாள்கள். வங்கி லீகல் பார்க்கும்தானே என்று விட்டுவிடுவது பரவலான பழக்கம். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு. உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலைக் கட்டணம் கொடுத்து வையுங்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் சொத்து சுத்தம் என்று பொருளில்லை. அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, எழுதிக்கொண்டு பதியாத ஒப்பந்தம், பாகம் கேட்டு நடக்கும் வழக்கு, இன்னும் சொல்லப்படாத வாரிசு — இவை எதுவும் பெரும்பாலும் அதில் இராது. ஆகவே:

அசல் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். கலர் ஜெராக்ஸ் காட்டி 'அசல் லாக்கரில் இருக்கு' என்றால், லாக்கரிலிருந்து வரட்டும் என்று சொல்லுங்கள். அசல் தொலைந்துவிட்டது என்றால் காவல்துறைச் சான்று, நாளிதழ் அறிவிப்பு எல்லாம் இருக்க வேண்டும். அப்போதும் பதிவாகாமல் எங்காவது அடகில் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் பாருங்கள்.

பவர் (உரிமையாளர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்று, பவர் ரத்தாகவில்லை என்பதற்கு வில்லங்கம், முடிந்தால் அவரோடு வீடியோவில் நேரடிப் பேச்சு. பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் சொத்து உங்களுக்கு மாறாது. உச்ச நீதிமன்றம் 2011இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

அப்பா அம்மா பிள்ளைக்குத் தானசெட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதி, பிள்ளை உடனே விற்கிறார் என்றால் ஒரு கணம் நில்லுங்கள். பெற்றோரைப் பராமரிக்கும் நிபந்தனை மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் அந்த செட்டில்மென்ட்டையே ரத்துசெய்யக் கேட்க முடியும். பெற்றோரையும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள்.

மனை என்றால், அனுமதி பெறாத மனைப்பிரிவா என்று பாருங்கள். அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது பின்னால் அனுமதி தர, வைத்த எல்லைத் தேதி 2016 அக்டோபர் 20. கோயில் நிலம், வக்பு, பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலம்), புறம்போக்கு ஆகியவற்றுக்கு சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டிலும் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) பதிவுத்துறைத் தளத்திலும் தேடுங்கள்.

பிளாட் என்றால் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளை எண்ணுங்கள். வரைபடத்தில் எட்டு, தரையில் ஒன்பது என்றால் அந்த ஒன்பதாவதை எந்த வங்கியும் தொடாது. மற்ற எட்டின் யு.டி.எஸ். கணக்கும் குழம்பியிருக்கும். பத்திரத்தில் எழுதிய யு.டி.எஸ். மொத்த நிலத்தோடு கூட்டினால் சரிவருகிறதா என்றும் பாருங்கள். 30 வருடத்துக்கு மேலான கட்டடத்தில் நீங்கள் வாங்குவது ஏறக்குறைய நிலத்தைத்தான். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் இடித்துக் கட்ட வழி பிறந்திருக்கிறது, யு.டி.எஸ். கூடுதலாக உள்ள பழைய பிளாட்டுக்கு அது ஒரு பலம்.

கட்டுமானத்தில் இருக்கும் பிளாட்டை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தந்த பதிவு எண்ணை அதன் தளத்தில் போட்டு, முடிக்கும் தேதி எத்தனை முறை தள்ளிப்போனது என்று பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது. புதிய பிளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை ரீசேலைவிடக் குறைவு: 50 லட்சம் வரை 4, 3 கோடி வரை 5 சதவீதம்.

டோக்கனும் ஒப்பந்தமும்

விலை படிந்ததும் ஒரு சின்ன டோக்கன், வங்கி வழியாக. 'லீகல் சரியில்லை என்றால் முழுதும் திரும்பும்' என்ற ஒரு வரியோடு ரசீது. வக்கீல் சரி என்ற பிறகே 10 சதவீத அட்வான்ஸோடு கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாமல் வெறும் பத்திரத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தால், விற்பவர் நடுவில் வேறொருவருக்கு விற்கும்போது அந்த வேறொருவர் போட்டுப் பார்க்கும் வில்லங்கத்தில் உங்கள் பெயர் தெரியாது.

ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: எத்தனை நாளில் கிரயம் (90 நாள் சாதாரணம், விற்பவருக்குக் கடன் இருந்தால் 120 கேளுங்கள்), சொத்தின் குறையால் வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், வாங்குபவரின் வருமானக் குறையால் மறுத்தால் எவ்வளவு பிடிக்கலாம், வேல்யூவர் குறைத்துப் போட்டால் என்ன செய்வது, வரி, சங்கப் பாக்கி எந்தத் தேதிவரை யாருடையது, சாவி என்றைக்கு, ஏசி, கீசர், இன்வெர்ட்டர் எவை வீட்டோடு. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும், ஆனால் பதிவு நாளில் சண்டை வருவது கீசருக்குத்தான்.

நாள் கடந்தால் வாங்குபவர் சும்மா இருக்கக்கூடாது. பணம் தயார், கிரயம் செய்ய வாருங்கள் என்று கெடு முடியுமுன் எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். நாளை வழக்கு என்று போனால், எப்போதும் தயாராக இருந்தீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால்

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகள் ஊர் வீட்டை விற்பது இன்று சாதாரணம். இங்கே வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் விலையில் 1 சதவீதம் பிடித்து வருமானவரிக்குக் கட்டினால் போதும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டியும், படிவம் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாயும். வெளிநாடுவாழ் இந்தியரிடம் வாங்கினால் 50 லட்சம் என்ற எல்லையே இல்லை, 12.5 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரிகளும் பிடிக்க வேண்டும், அதுவும் வழக்கமாக முழு விலையின் மேல். பிடிக்காமல் விட்டால் வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். விற்பவர் உண்மையான ஆதாயத்துக்கு மட்டும் பிடிக்கும்படி குறைந்த பிடித்தச் சான்று வாங்கலாம், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். ஒப்பந்தம் போடும் முன்பே மனுச்செய்யச் சொல்லுங்கள். அங்கிருந்து அனுப்பும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும்.

வங்கி ஏல வீடுகள்

சந்தை மந்தமானால் இவை பெருகும். 'உள்ளது உள்ளபடி' விற்பனை. பாக்கி வரி, சங்கப் பாக்கி உங்கள் தலையில் விழலாம். ஏலம் எடுத்த அன்றோ மறு வேலைநாளிலோ முன்வைப்போடு சேர்த்து 25 சதவீதம், மீதி 15 நாளுக்குள். அந்த 15 நாளில் வீட்டுக் கடன் கிடைப்பது கடினம், தவறினால் கட்டியது போய்விடும். அறிவிப்பில் 'குறியீட்டு அனுபவம்' என்று இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார், வெளியேற்றும் பாடு இன்னும் பாக்கி என்று பொருள். சாவி வங்கியிடம் இருக்கும் வீடுகளை மட்டும் பாருங்கள்.

பதிவு நாளும் அடுத்த மாதமும்

பத்திர வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கி, சொத்து விவரத்தைத் தாய்ப்பத்திரத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள்: சர்வே எண், நான்கெல்லை, யு.டி.எஸ்., கார் நிறுத்துமிடம். ஒரு எண் மாறினால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்றவரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். அன்று காலை வில்லங்கத்தை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தீர்வையை இணையத்தில் முன்கூட்டியே கட்டி, பதிவு அலுவலகம் தந்த டோக்கன் நேரத்துக்கு இரண்டு சாட்சிகள், அடையாள அட்டைகள், பான் விவரத்தோடு போங்கள். வங்கிக் காசோலை கைமாறுவதும் அசல் பத்திரங்கள் கைமாறுவதும் ஒரே மேசையில் நடக்கட்டும்.

அதன்பின் பட்டா. உட்பிரிவு இல்லையென்றால் பதிவோடே மனு தானாகப் போகும், ஆனால் போனதா என்று பார்ப்பது உங்கள் வேலை. சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு, சங்கப் பதிவேடு ஆகியவற்றில் பெயர் மாற்றத்தை முதல் மாதத்திலேயே முடியுங்கள். விற்றவரின் கையெழுத்து ஏதேனும் தேவைப்பட்டால் அப்போதுதான் அவர் போனை எடுப்பார். சில வாரம் கழித்து இன்னொரு வில்லங்கம் போடுங்கள். உங்கள் கிரயமும், விற்றவரின் பழைய அடமானத்தை நீக்கிய ரசீதும், உங்கள் வங்கியின் அடமானமும் அதில் வந்திருக்க வேண்டும். அந்த ரசீது வராமல் இருந்தால், விற்றவரின் பழைய வங்கிக் கிளைக்கு அன்றே கடிதம் கொடுத்து அத்தாட்சி வாங்கி வையுங்கள்.